நீலகிரியைச் சுற்றி ஒரு பாவனைப் பறத்தல்

ஓடுபாதையை விட்டு எழும்பவும், உயரம் மாறாமல் நேரே செல்லவும், ஒருவாறு பழுதில்லாமல் தரையிறங்கவும் முந்தைய அத்தியாயங்களில் பழகிக்கொண்ட வாசகர், இனிப் பறத்தலை வெறும் அப்பியாசமாக அன்றிப் பிரயாணமாகவும் அனுபவிக்க விரும்புவது இயல்பே. மேகமும் வனமும் கூடிய மலைப் பிரதேசத்தைப் போல மனத்தைக் கவர்வதும், அஜாக்கிரதையை அதே கணத்தில் தண்டிப்பதும் அப்பிரயாணத்துக்கு வேறு கிடையாது. ஆகவே கோயம்புத்தூரில் புறப்பட்டு, நீலகிரிப் பீடபூமியைக் கடந்து, பவானி ஆற்றின் போக்கிலே இறங்கி மீண்டும் கோயம்புத்தூர் சேரும் ஒரு சுற்றுப் பயணத்தை இங்கே கிரமமாக விவரிக்கிறோம். சிமுலேட்டரில் இதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் செல்லும்.

இந்த அத்தியாயத்தின் விதிகள் எல்லாம் ஒரே விதியின் விரிவுதான்: உயரத்தைச் சமவெளியிலேயே சம்பாதித்துக்கொண்டு மலைக்குள் நுழைய வேண்டும், திரும்பி வரும் வழி கண்ணுக்குத் தெரிகிற வரையில்தான் முன்னேற வேண்டும்.

தேவையானவை

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகள் செயற்கைக்கோள் படங்களை இணையத்தின் வழியே தருவித்து நிலப்பரப்பை அமைப்பதால், காட்சி இன்பத்துக்கு அவை மிகவும் ஏற்றவை. ஆனால் நல்ல கணினியும் தடைபடாத இணைய இணைப்பும் அவற்றுக்கு அவசியம். எக்ஸ்-பிளேன் 12 பறக்கும் உணர்ச்சியில் சிறந்தது. செலவில்லாமல் தொடங்க விரும்புவோருக்கு ஃப்ளைட்கியர் இலவசமாகவே கிடைக்கிறது. எதைக் கொண்டாலும் மலையின் உயரமும் பள்ளத்தாக்கின் போக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்குமாதலால், இங்குள்ள குறிப்புகள் மூன்றுக்கும் பொருந்தும்.

விமானம் செஸ்னா 172 ஆக இருக்கட்டும். இறக்கை தலைக்கு மேலே அமைந்திருப்பதால் கீழுள்ள காட்சியை அது மறைப்பதில்லை, வேகமும் மட்டானது. விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு மலைக்குப் போவது வீண் சிரமம். சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று இருந்தால் போதும்.

பாதையும் உயரங்களும்

கீழ்க்கண்ட அட்டவணையை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் அருகே வைத்துக்கொள்ளுங்கள். உயரங்கள் அனைத்தும் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை, தூரங்கள் உத்தேசமானவை.

1. கோயம்புத்தூர் விமான நிலையம் (1,324 அடி) முதல் மேட்டுப்பாளையம் வரை: 340 பாகை, 32 கி.மீ. தொடர்ந்து ஏற்றம்.
2. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை: 290 பாகை, 16 கி.மீ. 10,500 அடி.
3. குன்னூர் முதல் உதகமண்டலம் வரை: 300 பாகை, 12 கி.மீ. 10,500 அடி. தொட்டபெட்டா சிகரம் (8,652 அடி) இவ்வழியில்தான் நிற்கிறது.
4. உதகமண்டலம் முதல் அவலாஞ்சி ஏரி வரை: 225 பாகை, 17 கி.மீ. 10,500 அடி.
5. அவலாஞ்சி முதல் மேல்பவானி நீர்த்தேக்கம் வரை: தெற்கும் சற்றே மேற்கும், 10 கி.மீ. 10,500 அடி.
6. மேல்பவானி முதல் முக்காலி வரை: தெற்கு, 20 கி.மீ. விளிம்பைத் தாண்டிய பின் இறக்கம்.
7. முக்காலி முதல் பில்லூர் அணை வரை: ஆற்றை ஒட்டி வடகிழக்கு. 5,500 அடிக்குக் குறையாமல்.
8. பில்லூரிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து 160 பாகையில் கோயம்புத்தூர்.

மூடுபனியை அமைத்துக்கொள்ளல்

மலையில் நிற்பவருக்கு மூடுபனியாகத் தோன்றுவது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சரிவிலே படிந்த மேகம். ஆகையால் சிமுலேட்டரில் ‘மூடுபனி’ என்று தனியே ஒன்றைத் தேடி அலையாமல், மேக அடுக்கின் அடியையும் உச்சியையும் மலையின் உயரத்துக்கு ஏற்ப நிர்ணயித்தாலே விரும்பிய காட்சி கிடைத்துவிடும்.

1. மாதம் ஜனவரி, நேரம் காலை ஏழரை என்று வையுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், மேற்கே செல்லும்போது குன்னூர்ச் சரிவு முழு வெளிச்சத்தில் தெரியும்.
2. நிகழ்கால வானிலையை விட்டு, நாமே அமைக்கும் வானிலையைத் தேர்ந்தெடுங்கள். காற்று 5 நாட் வேகத்துக்கு மேற்பட வேண்டாம்.
3. ஒரே ஒரு மேக அடுக்கை மாத்திரம் வைத்து, அடியை 4,000 அடியாகவும் உச்சியை 5,500 அடியாகவும் அமையுங்கள். குன்னூர் ஏறத்தாழ 6,000 அடியில் இருப்பதால், மேகம் சரிவின் இடுப்பில் தங்கும். பீடபூமி வெளியே எழுந்து நிற்கும்.
4. மேகப் பரப்பை வானத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இடைவெளிகளின் ஊடே செல்ல வேண்டுமல்லவா?
5. காற்றிலுள்ள தூசின் அடர்த்தியைக் குறைவாக வையுங்கள். அது மிகுந்தால், திரும்பும்போது எதிரே சூரியன் இருப்பதால் திரை முழுவதும் வெளுத்துவிடும்.

*குறிப்பு:* மேக உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறதா, தரையிலிருந்து கணக்கிடப்படுகிறதா என்பதை அவசியம் பாருங்கள். தரையிலிருந்து என்று இருந்தால், நீங்கள் நினைத்திராத உயரத்தில் மேகம் போய் நிற்கும்.

புறப்படுமுன்

1. எரிபொருளைப் பாதி அளவுக்குக் குறையுங்கள். இப்பயணத்துக்கு அது தாராளம். பாரம் குறைந்த விமானம் விரைந்து ஏறும்.
2. ஆல்டிமீட்டரை அன்றைய காற்றழுத்தத்துக்குச் சரிசெய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ‘பி’ விசையை அழுத்தினால் போதும். தரையில் நிற்கும்போது முள் 1,324 அடிக்கு அருகே இருக்க வேண்டும்.
3. திரையில் மிதக்கும் ஊர்ப்பெயர்களை அணைத்துவிட்டு, நிலப்படத்தை மட்டும் கைக்கெட்டும்படி வையுங்கள்.
4. காற்று மேற்கிலிருந்து வீசினால் 23 என்ற ஓடுபாதையையும், கிழக்கிலிருந்து வீசினால் 05 என்பதையும் கொள்ளுங்கள்.

சமவெளியில் ஏறுதல்

23-இல் எழும்பியவர் 2,300 அடி காட்டும் வரை நேரே சென்று, பிறகு வலப்புறம் சாவதானமாகத் திரும்பி 340 பாகையைப் பிடிக்க வேண்டும். வேகத்தை 75 முதல் 80 நாட்டுக்குள் நிறுத்தி, கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருக்காதபடி டிரிம் சக்கரத்தால் பாரத்தைத் தணித்துவிடுங்கள். 3,000 அடிக்கு மேல் காற்று மெலிந்துகொண்டே போவதால், சிவப்புக் குமிழுள்ள மிக்ஸ்சர் லீவரைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு இழுத்து, எஞ்சினின் சுழற்சி மிக அதிகமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மேட்டுப்பாளையம் வந்ததும் ஆவலினால் உந்தப்பட்டு நேரே மலையை நோக்கித் திரும்புகிறவர்கள்தாம் பெரும்பாலோர். அவர்களுள் பெரும்பாலோர் காட்டுக்குள் மோதுகிறார்கள். காரணம் எளிய கணக்கு. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 16 கிலோமீட்டரில் தரை சுமார் 5,000 அடி உயர்கிறது. நிமிஷத்துக்கு 500 அடி வீதம் 80 நாட் வேகத்தில் ஏறும் நம்முடைய சிறு விமானமோ, அதே தூரத்தைக் கடப்பதற்குள் 3,250 அடிதான் ஏறும். இந்தச் சரிவின் கடுமையினால்தான் மலை ரயிலும் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பல்சக்கரம் இல்லாத நாம், ஆற்றின் வளைவும் பாக்குத் தோப்புகளும் கீழே தெரிய, மேட்டுப்பாளையத்தின் மேலேயே வட்டமிட்டு 10,500 அடியை அடைந்த பிறகே மேற்கே திரும்ப வேண்டும். புறப்பட்டது முதல் இதற்கு ஏறத்தாழ இருபது நிமிஷம் ஆகும். அந்தப் பொறுமைதான் இப்பயணத்துக்கு நாம் செலுத்தும் கட்டணம்.

முகட்டைக் கடத்தல்

1. முகட்டை நேருக்கு நேராக அணுகாமல் 45 பாகைக் கோணத்தில் அணுகுங்கள். ஏதேனும் தவறினால் சிறு திருப்பத்திலேயே பள்ளத்தின் பக்கம் விலகிவிடலாம்.
2. முகட்டுக்கு அப்பால் தெரியும் நிலத்தைக் கவனியுங்கள். அருகே செல்லச் செல்ல அப்புறத்து நிலம் மேலும் மேலும் வெளிப்பட்டால், முகட்டைக் கடந்துவிடுவீர்கள். தெரிந்த நிலம் மறையத் தொடங்கினால், நீங்கள் தாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.
3. மறையத் தொடங்கிய அக்கணமே திரும்புங்கள். கைப்பிடியை இழுத்து மூக்கை உயர்த்தித் தப்ப முயலாதீர்கள். வேகம் குறைந்து, இறக்கை தாங்குசக்தியை இழந்துவிடும்.

தொட்டபெட்டாவை இடப்புறமோ வலப்புறமோ ஒதுக்கிச் செல்லலாம். 10,500 அடியில் அது உங்களுக்குக் கீழே 1,800 அடி தாழ்ந்து நிற்கும். அதன் மேற்கே கிண்ணம் போன்ற பள்ளத்தில் உதகையும் அதன் ஏரியும் தெரியும்.

பீடபூமியில் பார்க்க வேண்டியவை

உதகைக்குக் கிழக்கே நெருங்கிய வீடுகளும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்திருக்க, தென்மேற்கே திரும்பியதும் பிரதேசத்தின் தன்மையே மாறுகிறது. மேடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் கரும்பச்சைச் சோலையுமாக நிலம் அலையலையாகச் செல்லும். நீர் தங்கும் ஓடைகளின் மருங்கிலே மட்டும் சோலை அடர்ந்திருப்பதை மேலிருந்து பார்க்கும்போதுதான் அதன் ஒழுங்கு விளங்கும். தேயிலையை இளம்பச்சை நிறத்தாலும் வரிவரியான அமைப்பாலும் அடையாளம் காணலாம். தனித்தனி மரங்களைப் பற்றி மட்டும் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். நிலத்தின் வடிவம் உண்மையானது, மரங்களோ பெரும்பாலும் கணினி தானாக நட்டவை.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீர்த்தேக்கங்கள் அடுத்தடுத்து வரும். இப்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றை முதலில் எதிர்கொள்ளும் விளிம்பை ஒட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததை நினைவுகூர்ந்தால், சிமுலேட்டரில் நிகழ்கால வானிலையை வைத்துக்கொண்டு ஜூலையில் இங்கே வருவோர் ஏன் ஒன்றையும் காண முடிவதில்லை என்பது விளங்கும்.

பள்ளத்தாக்கில் திரும்பும் முறை

இறங்கத் தொடங்குமுன் இம்முறையைக் கையும் கண்ணும் அறிந்திருக்க வேண்டும். மலைக்குப் போவதற்கு முந்தைய நாளே, மேட்டுப்பாளையத்துக்கு வடகிழக்கிலுள்ள பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் மேல் தாராளமான உயரத்தில் இதை அப்பியாசம் செய்யுங்கள்.

1. பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறங்கள். நடுவில் இருப்பவருக்குத் திரும்பப் பாதி அகலம்தான் மிஞ்சும். ஓரத்தில் இருப்பவருக்கு முழு அகலமும் உண்டு.
2. வேகத்தை 80 நாட்டுக்குக் குறைத்து, ஃபிளாப்பை 10 பாகை இறக்குங்கள்.
3. எதிர்ச் சரிவை நோக்கி 30 பாகை சாய்த்துத் திரும்புங்கள். உயரம் குறையாதபடி த்ராட்டிலைக் கூட்டுங்கள்.
4. சரிவையே வெறித்துப் பாராமல், சாய்வைக் காட்டும் கருவியையும் வேகமானியையும் மாறி மாறிப் பாருங்கள்.
5. வந்த வழி நேரே தெரிந்ததும் இறக்கையைச் சமன்செய்து, ஃபிளாப்பை மேலேற்றி, அகன்ற பக்கமாக வெளியேறுங்கள்.

வேகம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்கலாம். 9,000 அடியில் 80 நாட் காட்டும் விமானம் 30 பாகைச் சாய்வில் அரைவட்டம் திரும்ப ஏறத்தாழ 800 மீட்டர் அகலம் கேட்கும். 110 நாட் காட்டினாலோ அது ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். குறுகலான இடத்தில் பிராண பயத்தால் வேகத்தைக் கூட்டுவது, பள்ளத்தாக்கை இன்னும் பாதியாகக் குறுக்கிக்கொள்வதற்குச் சமம். சாய்வை 60 பாகைக்கு மிகைப்படுத்துவதும் ஆபத்தே. இறக்கை தாங்குசக்தியை இழக்கும் வேகம் அப்போது 40 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

பவானியைத் தொடர்ந்து இறங்குதல்

மேல்பவானியைத் தாண்டியதும் பீடபூமி திடீரென்று முடிந்து, அமைதிப் பள்ளத்தாக்கின் வனம் கீழே விரியும். விளிம்பை முற்றிலும் கடந்த பின்னரே த்ராட்டிலைக் குறைத்து, நிமிஷத்துக்கு 500 அடி வீதம் இறங்க வேண்டும். மிக்ஸ்சர் லீவரை இப்போது சிறிது சிறிதாக முன்னே தள்ளுங்கள். இதை மறப்பவரின் எஞ்சின், அடர்ந்த காற்றுக்கு வந்ததும் தடுமாறும்.

முக்காலியின் அருகே, 7,000 அடி உயரத்தில் இருக்கும்போது, ஆறு கூர்மையாக வடகிழக்கே திரும்பி அட்டப்பாடிக்குள் நுழையும். நாமும் அதனோடு திரும்புகிறோம். தமிழ்நாட்டில் பிறந்து, கேரளத்துக்குள் சென்று, மனம் மாறினாற்போல் மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்பிவரும் இந்த ஆறு, சுற்றுப் பயணத்துக்கென்றே அமைந்த வழிகாட்டி. ஆற்றின் போக்கிலே செல்லும்போது தரை நமக்கு முன்னால் தாழ்ந்துகொண்டே போவதால், எஞ்சின் தளர்ந்தாலும் வெளியேற இடம் உண்டு.

1. வலப்புறச் சரிவை ஒட்டி, 5,500 அடிக்குக் கீழே போகாமல் செல்லுங்கள்.
2. மேகத் திட்டு ஆற்றை மறைத்தால் இறக்கத்தை நிறுத்துங்கள். மறுபடி ஆறு தெரிந்த பிறகே இறங்கலாம்.
3. பில்லூர் அணையைக் கடந்து, மேட்டுப்பாளையத்துச் சமவெளி கண்ணில் பட்டதும் 2,300 அடியை நோக்கி இறங்கத் தொடங்குங்கள். பில்லூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர்வழி தேட வேண்டாம். இடையே குன்றுகள் உண்டு.
4. ஓடுபாதைக்கு வடக்கே 50 பாகைத் திசையில் இணையாகச் சென்று, வலப்புறம் இருமுறை திரும்பி 23-ஐ எதிர்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் வேகம் 65 நாட்.

*எச்சரிக்கை:* கோயம்புத்தூருக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம் உள்ளது. அதன் ஓடுபாதையும் ஏறத்தாழ இதே திசையில் நீண்டு கிடப்பதால், அவசரப்படுவோர் அங்கே இறங்கிவிடுவது உண்டு. சுற்றிலும் நெருங்கிய நகரம் இருந்தால் அது கோயம்புத்தூர் என்று கொள்ளலாம்.

வழக்கமாக நேரும் பிழைகள்

- *மேகத்துக்குள் நுழைதல்.* மலைநாட்டில் மேகத்துக்குள் பாறை இருக்கிறதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். தவறி நுழைந்துவிட்டால் சாய்வைச் சமன்செய்து, ஏறிக்கொண்டே, வந்த திசைக்கு மெதுவாகத் திரும்புங்கள்.
- *காற்றின் மறைவுப்பக்கத்தை அறியாமை.* மேற்குக் காற்று பலமாக வீசும்போது கிழக்குச் சரிவில் காற்று கீழ்நோக்கிப் பாயும். புதிய சிமுலேட்டர்கள் இதையும் உண்மைபோலவே காட்டுகின்றன. அத்தகைய நாளில் மேட்டுப்பாளையத்திலேயே இன்னும் ஆயிரம் அடி கூடுதலாக ஏறிக்கொள்ளுங்கள்.
- *வெளிக்காட்சியிலேயே பறத்தல்.* விமானத்தை வெளியிலிருந்து பார்ப்பது அழகுதான். ஆனால் அங்கே தூரம் ஏமாற்றும். முகட்டைக் கடக்கும்போது விமானியின் இருக்கைக்குத் திரும்பிவிடுங்கள்.
- *நிறுத்திவைத்துப் பார்க்க மறத்தல்.* பயணத்தை இடையிலே நிறுத்தி நான்கு திசையும் பார்ப்பதில் வெட்கமில்லை. சிமுலேட்டர் தரும் அனுகூலம் அதுவே.

உடலுக்கும் யந்திரத்துக்கும் பாதுகாப்பு

1. அரை மணிக்கு ஒருமுறை பயணத்தை நிறுத்தி எழுந்து நின்று, தூரத்துப் பொருளொன்றைச் சிறிது நேரம் பாருங்கள்.
2. மெய்நிகர் கண்ணாடி அணிபவருக்குத் தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால், பொறுத்துக்கொண்டு தொடராமல் உடனே கழற்றிவிட வேண்டும். பள்ளத்தாக்குத் திருப்பங்களைக் கண்ணாடியோடு செய்வதை முதற்பயணத்தில் தவிர்க்கவும்.
3. மடிக்கணினியை மெத்தையின் மேல் வைக்காதீர்கள். கனமான காட்சிகளால் அது சூடேறும். காற்றுத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும்.
4. இணையத்துக்கு அளவுக் கட்டணம் செலுத்துவோர், முன்னமே பார்த்த நிலப்பகுதியைக் கணினியிலேயே சேமித்துவைக்கும் வசதியை இயக்கிக்கொள்வது நலம்.
5. இங்குள்ள திசைகளும் உயரங்களும் பாவனைப் பறத்தலுக்கு மட்டுமே உரியவை. மெய்யான விமானத்துக்கு அதிகாரபூர்வமான வரைபடமும், அனுமதியும், உரிமம் பெற்ற ஆசிரியரும் வேண்டும்.

அடுத்த பயிற்சி

இப்பயணத்தைப் பிழையின்றி முடித்தவர், இரண்டாம் முறை மேக அடுக்கின் உச்சியை 7,000 அடிக்கு உயர்த்திக் குன்னூர் மறைந்திருக்கும்போது பறந்து பார்க்கலாம். மூன்றாம் முறை நிகழ்கால வானிலையை ஏற்றுக்கொள்ளலாம். அந்த வானிலையில் மேட்டுப்பாளையத்தின் மேலே 10,500 அடியில் நின்றும் தொட்டபெட்டா தெரியவில்லையானால், மலைப்பக்கம் திரும்பாமல் கோயம்புத்தூருக்கே வந்து இறங்கிவிடுங்கள். அவ்வாறு திரும்பியதையும் நிறைவேறிய பயிற்சியாகவே குறிப்பேட்டில் எழுதுங்கள். பில்லூரிலிருந்து பவானியை எதிர்த்து மேலேறும் தலைகீழ்ப் பயணத்தை மட்டும், பள்ளத்தாக்கில் திரும்பும் முறை முற்றும் கைவந்த பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தரை உயரும், சரிவுகள் நெருங்கும். முன்னேறலாமா திரும்பலாமா என்ற முடிவை முக்காலி வளைவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.